வசந்தி அக்காவின் இடது கை

பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் மேற்பார்வையில் இருந்தேன். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். தேர்வு முடிந்து, விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டு வந்து பார்த்தபோது கல்லூரிக் குழுவில் வரிசையாகக் கூப்பிய கைகள். மேலே நகர்த்தினேன். இன்னும் மேலே. எல்லாக் கைகளுக்கும் மேலே ஒரே ஒரு வரி இருந்தது. இயற்பியல் துறை வசந்தி மேடம் இன்று காலை சேலத்தில் தவறிவிட்டார்.

காலையில். அப்படியானால் நான் இருக்கை எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் இல்லை. இடைப்பட்ட நேரம் முழுவதும் அவர் உயிரோடு இருக்கிற உலகத்தில் நான் நடமாடியிருக்கிறேன். கூடுதல் விடைத்தாள் கொடுத்திருக்கிறேன். ஒரு பெண்ணை ஜன்னல் பக்கம் மாற்றி உட்கார வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரிடம் படித்தவர்கள், அல்லது அவருடன் வேலை பார்த்தவர்கள். உங்களுக்குத் தெரிந்த வசந்தி மேடம் கரும்பலகையைப் பார்த்தபடியே, தாமதமாக உள்ளே நுழைபவரைப் பெயர் சொல்லி அழைப்பவர். கோடையிலும் முழுக்கை ரவிக்கை. அந்தக் கைக்குள் என்ன இருந்தது என்பது சிலருக்குத் தெரியும். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்ததும், வாரத்தில் மூன்று நாள் கல்லூரி முடிந்து நேராக டயாலிசிஸுக்குப் போனதும் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு எலெக்ட்ரிக் கிடார் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. நான் எழுத வந்தது அதைப் பற்றி.

எங்கள் அறிமுகம் கல்லூரிப் பேருந்தில். நான் ஆத்தூர்க்காரி, ஆங்கிலத் துறையில் புதிதாகச் சேர்ந்தவள், சேலத்தில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அவர் அஸ்தம்பட்டியில் ஏறுவார். பக்கத்துப் பக்கத்து இருக்கை. முதல் சில வாரங்கள் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள் அவராகவே திரும்பினார்.

"ஏங்கண்ணு, உங்க ஊருப் பக்கம் எல்லாருமே ஜவ்வரிசி மாதிரியா? ஊற வெச்சாத்தான் எளகுவீங்களா?"

"இல்லக்கா, நீங்க பேசுவீங்கன்னு பாத்தேன்."

"நான் மேடம்."

"சாரி மேடம்."

"பரவால்ல, அக்கான்னே கூப்புடு. மேடம்னா ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட்டே தீரோணும்."

அவரிடம் அடிக்கடி கேட்ட வார்த்தை 'வேண்டாம்'. டயாலிசிஸ் நாட்களில் கடைசி வகுப்பை வேறொருவருக்கு மாற்றிவிடலாம் என்று முதல்வர் சொன்னார். வேண்டாங்க. ஆய்வகத்தில் உட்கார்ந்து பாடம் எடுக்க மாணவிகள் ஒரு உயரமான நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வேண்டாஞ்சாமி. கோபமாகச் சொல்ல மாட்டார். சொல்லி முடிப்பதற்குள் வேலையைத் தொடர்ந்திருப்பார். கொடுக்க வந்தவர் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவருடைய இடது முன்கையில் அறுவை செய்து இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் ரத்தம் வேகமாக ஓடும். ஒரு நாள் பேருந்தில் என் விரல்களை எடுத்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் ஓயாத ஒரு அதிர்வு. பூனையின் தொண்டையைத் தொட்ட மாதிரி இருந்தது.

"இது ஓடுற வரைக்கும் நான் ஓடுவேன். எங்கம்மா தெனமும் காலையில எந்திரிச்சதும் இதத் தொட்டுப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்கப் போகும்."

அந்தக் குழாய் வலுப்பெற, ரப்பர் பந்து ஒன்றை இடது கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். ஒரு சிவப்புப் பந்து. பேருந்தில் அமுக்குவார். இரண்டாவது வாரம் அதை என் மடியில் போட்டார்.

"நாய்க்குட்டியாட்டம் எத்தன நாளைக்கு இத வெச்சு வெளையாடறது? அமுக்குறதே அமுக்குறேன், சத்தம் வாரதா ஒண்ண அமுக்குறேன்."

கல்லூரியில் படித்தபோது இரண்டு வருடம் கிடார் வாசித்திருக்கிறார். ஆண்டுவிழா மேடையில் ஓரமாக நின்று. பிறகு கல்யாணம் ஆனது, கிடார் போனது. சில வருடங்களில் கல்யாணமும் போனது. கிடார் திரும்பி வரவில்லை. இப்போது மருத்துவரிடம் கேட்டார். கனமான எதையும் தூக்காதீர்கள், அந்தக் கைமேல் படுக்காதீர்கள், மற்றபடி விரல்களுக்கு எவ்வளவு வேலை கொடுத்தாலும் நல்லதுதான் என்றார் மருத்துவர். சாதாரணக் கிடாரின் கம்பிகள் கடினம். எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகள் மெல்லியவை, தொட்டால் போதும், இறங்கும். அதனால் எலெக்ட்ரிக் கிடார்.

முழுதாக வாங்காமல் பாகம் பாகமாக வரும் பெட்டியை ஏன் வரவழைத்தார் என்று கேட்டேன்.

"முழுசா வாங்குனா ஒரே நாள்ல வேல முடிஞ்சுரும். எனக்கு நாளு போகோணும் கண்ணு. மெஷினுக்குப் போற நாளக் கூடத் தள்ளிருலாம். போகாத நாளு இருக்குது பாரு, அதுதான் நீளமா இருக்குது."

பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு அழைத்தார். அவரும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினோம். வர்ணம் பூசாத மர உடல். தனியாக ஒரு கழுத்து. ஆறு முறுக்காணிகள். காந்தத்தைச் சுற்றிக் கம்பி சுருட்டிய பிக்கப் மூன்று. ஒயர், திருகு, குமிழ். அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இதென்ன சாமி, வாரப்பவே ஒடஞ்சு வந்துருக்குது?"

"ஒடயலம்மா. நாமதான் சேக்கோணும்."

"அதுசேரி. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து படுக்கறத உட்டுட்டு."

அக்கா பிக்கப் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். "இது சத்தத்தக் கேக்கறதில்ல தெரியுமா? கம்பி நடுங்கறத மட்டுந்தான் பாக்கும். நடுங்குனாத்தான் இதுக்கு நாம இருக்கறதே தெரியும்." வகுப்பில் அவர் சொன்ன பல வாக்கியங்கள் உங்களிடம் இருக்கும். இது என்னிடம் இருக்கிறது.

அடுத்த சில வாரங்கள் மொட்டை மாடியில் மரத்தைத் தேய்த்தோம். தூசி ஆகாது என்பதால் அவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பார். இடது கைக்கு அழுத்தம் கூடாது, அதனால் தேய்ப்பது நான். எங்கள் இருவருக்கும் தச்சு வேலை தெரியாது. காணொளி பார்ப்போம், வாதாடுவோம், தேய்ப்போம். ஒரு ஓரத்தை நான் தேவைக்கு மேல் தேய்த்து மெலிய வைத்துவிட்டேன். "பரவால்ல. எனக்கும் ஒரு பக்கம் மெலிவுதான்" என்றார்.

அம்மா மோர் கொண்டுவருவார். எனக்கு மட்டும். அக்காவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. மகள் முன்னால் அம்மா தண்ணீர் குடித்து நான் பார்த்ததேயில்லை. ஒரு நாள் மோரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"நீயாச்சும் எடுத்துச் சொல்லம்மிணி. என்ற ரத்தமும் இவ ரத்தமும் ஒரே வகையின்னு டாக்டரே சொல்லீட்டாரு. மத்த டெஸ்ட்டும் எடுத்துட்டா மாத்தி வெச்சுருவாங்களாமா. என்றது ரெண்டு சும்மா கெடக்குது."

"சும்மா கெடக்கறதுக்கு அதென்ன மேட்டுக்காடா?" என்றார் அக்கா, முகக்கவசத்துக்குள்ளிருந்து.

"காட்டக் குடுத்தா உன்ற அண்ணன் சண்டைக்கு வருவான். கிட்னியக் குடுத்தா எவன் வாரான்?"

"வேண்டாம்மா."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்."

அம்மா காலி டம்ளருடன் இறங்கிப் போனார். மறுநாள் பேருந்தில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். எருமப்பட்டிப் பக்கம் அவர்களுக்கு நிலம் இருந்தது. அவரைக் கட்டிக்கொடுக்க ஒரு துண்டு போனது. திரும்ப அழைத்துவர இன்னொரு துண்டு. "இனி அம்மா ஒடம்புதான் பாக்கி. அதையும் வாங்கிக்கோணுமா நான்? வாங்கி நாலு வருஷத்துல அதும் கெட்டுப் போச்சுன்னா அந்த மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" மாற்றுச் சிறுநீரகம் இல்லாமல் அந்தக் கையை நம்பி எத்தனை காலம் என்பது அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

வர்ணம் பூச நாமக்கல் போனோம். அக்காவின் அண்ணன் லாரி வைத்திருக்கிறார். அவர் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் சேகர் என்பவரின் பட்டறை. கூண்டு கட்டி முடித்து இன்னும் நிறம் ஏறாத லாரிகள் வரிசையாக நின்றன. சேகர் கிடார் உடலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன கலருங்க மேடம்?"

"கருநீலம். வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஓரத்துல ஒரு மஞ்சக் கோடு இழுத்து உட்டுறட்டுங்களா?"

"வேண்டாங்க."

"கொலதெய்வம் பேரு?"

"வேண்டாங்க."

"கொழந்தைங்க பேராச்சுங்…" என்று தொடங்கி, அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டார். "சேரிங்க. மொட்டையா அடிச்சுத் தாரேன்."

அடுத்த முறை போனபோது வண்டிச் சாவியை ஒப்படைப்பவர் மாதிரி இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அப்படி ஒரு நீலம். முகம் தெரிந்தது. மேலே பூசிய நிறமில்லாத மெருகு இன்னும் முழுதாக இறுகவில்லை, கொஞ்ச நாள் யாரும் கை வைக்காமல் தொங்க விடுங்கள் என்றார். அக்கா உடலைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"ஓட்டையெல்லாம் எங்கீங்க?"

"அதையேன் கேக்கறீங்க. எத்தன ஓட்ட! அத்தனைக்கும் பட்டி வெச்சு அடச்சு, தேச்சு, தடவிப் பாத்தாலும் தெரியாத மாதிரி பண்ணீட்டேன்."

கழுத்தைப் பொருத்துவதற்கான நான்கு ஓட்டைகள். கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கான ஓட்டைகள். ஒயர் செருகும் ஓட்டை. எதுவும் இல்லை. லாரிக்கு ஓட்டை என்றால் மழைத் தண்ணீர் இறங்கும் வழி. சேகர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அக்கா பட்டறைக் கல்லில் உட்கார்ந்து சிரித்தார். மூச்சு வாங்கும்வரை சிரித்தார். "எங்கண்ணன் லாரிகூட இத்தன ஒழுங்கா இருக்காதுங்க" என்றார். சேகருக்கு விஷயம் புரிய வெகுநேரம் ஆனது. புரிந்ததும் துளையிடும் கருவியை எடுக்க ஓடினார். வேண்டாங்க, நானே அளந்து போட்டுக்கறேன் என்று அக்கா தடுத்துவிட்டார்.

அந்த உடலை உள் அறையில் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார். அப்போது ஆயுத பூஜை வந்தது.

பூஜை நாள் டயாலிசிஸ் நாளாகவும் இருந்தது. துணைக்கு அம்மாவுடன் நானும் போயிருந்தேன். மையத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். திரைக்கு மேலே ஒரு பொட்டு, ரத்தத்தைச் சுற்றவிடும் சக்கரத்தின் மூடியில் ஒரு பொட்டு. பக்கவாட்டில் மாவிலை. நர்ஸ் ஒருவர் பொரி கடலை கொண்டுவந்தார். அக்காவுக்கு அளந்து ஒரு கரண்டி. படுத்தபடியே இயந்திரத்தைப் பார்த்தார்.

"இந்த மெஷினுக்கு நடக்கற மரியாத எனக்கு மாமியார் வீட்டுல கூட நடந்ததில்ல."

அம்மா சிரிக்கவில்லை. சுவரோரம் நின்று அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இயந்திரமாக.

மறுநாள் விடுமுறை. நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அக்கா உள் அறையில், கிடார் உடலை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசிக்கும்போது வலது முழங்கை வந்து படிகிற இடத்தில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அதற்கு அடியில் நீலத்துக்குள் ஒரு விரல் நுனி. மெருகு இறுகாத பரப்பில் அழுத்தமாக வைத்த பொட்டு. ரேகைகூடத் தெரிந்தது.

"யாரும்மா தொட்டது?"

"நாந்தான். பூசைக்குப் பொட்டு வெச்சேன்."

"காயல, கை வெக்காதன்னு சொன்னனா இல்லியா?"

"உன்ற மெஷினுக்கே வெச்சிருந்தாங்களே. இதும் நீ வேல செய்யறதுதான? ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம எப்படி உடறது?"

"எல்லாத்துலயும் உன்ற கை படோணுமா? எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு. அதையாச்சும் உட்டுவெக்கக் கூடாதா?"

அம்மா சமையலறைக்குப் போனார். அங்கிருந்து வந்தது குரல். உரக்க இல்லை.

"கிட்னியக் குடுக்கறேன்னா வேண்டாங்கற. ஒரு பொட்டு வெச்சா அதும் வேண்டாங்கற. என்றகிட்ட இருந்து எதைத்தான் வாங்கிக்குவ நீ?"

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்கா சேகரை அழைத்தார். தண்ணிப் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து நிதானமாகத் தேய்த்து, மறுபடி ஒரு கோட்டிங் கொடுத்தால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது என்றார் சேகர். எங்களிடம் தண்ணிப் பேப்பர் இருந்தது. அக்கா அதை நனைத்தார். மடித்தார். அந்த இடத்தில் வைத்தார்.

தேய்க்கவில்லை.

பேப்பரை எடுத்துவிட்டுத் தன் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு உடலைக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனார். எனக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

"சரி. குடு."

"என்ன?"

"கிட்னிதான். குடு. வாங்கிக்கறேன்."

பிறகு அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பேச்சப் பாரு இவளுக்கு. ரசம் கேக்கற மாதிரி கேக்கறா" என்றார்.

பரிசோதனைகள் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு போனார். வெறும் வயிற்றில் வரச் சொன்ன நாளுக்காக முதல் நாள் மதியத்திலிருந்தே சாப்பிடாமல் இருந்தார். வீட்டில் நாங்கள் கிடாரைச் சேர்த்தோம். அடைபட்ட ஓட்டைகளைக் காகிதத்தில் அளந்து, குறித்து, துளையிட்டோம். ஒன்று மயிரிழை விலகியது. அதனால் கழுத்து சற்றே சாய்ந்து, மேல் கம்பி கடைசிவரை விளிம்பை ஒட்டித்தான் ஓடியது. ஒயர்களை அக்கா பற்றவைத்தார். நான் ஒன்றைச் செய்து பார்த்தேன். ஈயம் உருண்டு விழுந்தது.

"சூட்ட ஈயத்துல வெக்காத கண்ணு. கம்பியில வை. கம்பி சூடாச்சுன்னா ஈயம் தானா ஓடி வந்து ஒட்டிக்கும்."

அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. உங்களில் சிலர் அதைக் கவனித்து என்னிடம் கேட்டீர்கள். வகுப்பில் உட்கார நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசி வகுப்பை மாற்றிக் கொடுத்தார். ஒரு மாணவி கொண்டுவந்த கொய்யாப்பழத்தைத் தன்னால் சாப்பிட முடியாது என்று தெரிந்தும் வாங்கி, பையில் வைத்து, என்னிடம் கொடுத்தார்.

ஸ்கேன் முடிவு வந்தது. அம்மாவின் ஒரு சிறுநீரகம் சுருங்கிக் கிடந்தது. பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாம் என்றார்கள். இவ்வளவு காலமும் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவர் வாழ்ந்திருக்கிறார். கொடுப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

அம்மா வீட்டுக்கு வந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "ரெண்டு இருக்குது, ரெண்டு இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சனே" என்று ஒரு முறை சொன்னார். அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அக்காவின் அண்ணனுக்கும் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் ரத்த வகை பொருந்தவில்லை. இறந்தவர்களிடமிருந்து பெறுவதற்கான வரிசையில் அக்காவின் பெயரைப் பதிந்தார்கள். நீண்ட வரிசை.

அம்மா சாப்பிடாத அந்த இரண்டாம் நாள் மாலை நான் போனபோது அக்கா கிடாருக்குக் கம்பிகளை மாட்டி முடித்திருந்தார். சத்தத்தைப் பெருக்கும் பெட்டி இன்னும் வாங்கவில்லை. அது இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் கிடாருக்குக் குரல் கிடையாது. கம்பி மட்டும் மெல்ல முனகும். பக்கத்து அறைக்குக் கேட்காது. அவர் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ம்மா, கேக்குதா?"

அம்மா சுவரை விட்டுத் திரும்பவில்லை.

"ம்மா."

"கொசு கத்தற மாதிரி கேக்குது."

"அங்கிருந்தா அப்படித்தான் கேக்கும். கிட்ட வா."

அம்மா எழுந்து உட்கார்ந்தார். அக்கா கிடாரின் மேல் முனையை அவர் தாடையோடு சேர்த்து வைத்தார். வாசித்தார். பழைய விரல்கள், கார்டு என்கிற சுரக்கூட்டுகள் நான்கே நான்கு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவதற்குள் ஒரு தடுமாற்றம். நான் நின்ற இடத்தில் எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இப்ப?"

"இப்பக் கேக்குது. பல்லுக்குள்ள கேக்குது."

"நீ குடுத்துட்டம்மா. நான் வாங்கிக்கறேன்னும் சொல்லீட்டேன். நடுவுல டாக்டரு ஆகாதுன்னாரு, அவ்வளவுதான். சோறு திங்கலாம், வா."

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அப்படித்தான் வாசித்தார் என்று அம்மா சொன்னார். சத்தப் பெட்டி வாங்கவேயில்லை. நான் கேட்டதற்கு, "எதுக்கு? கேக்கறவங்க கிட்ட வந்து உக்காரட்டும்" என்றார்.

மார்கழியில் ஒரு காலை தொலைபேசியில் அழைத்தார். "கண்ணு, கையில ஓட்டம் நின்னு போச்சு." காலையில் தொட்டுப் பார்த்த அம்மாதான் கண்டுபிடித்திருக்கிறார். எங்கே வைத்தாலும் அதிர்வு இல்லை. குழாய் அடைத்துக்கொண்டது. திறக்க முயன்றார்கள், முடியவில்லை. தற்காலிகமாகக் கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். அதன் வழியே காய்ச்சல் வந்தது. போனது. மறுபடியும் வந்தது.

கடைசியாகப் பார்த்தபோது அதிகம் பேசவில்லை. நாக்கு வறண்டிருந்தது. அளவு முடிந்துவிட்டதால் தண்ணீர் கொடுக்க முடியாது. நர்ஸ் அனுமதித்த ஒரு பனிக்கட்டித் துண்டை நான் ஒரு மூடியில் வைத்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, "குடு" என்றார். விரல் நுனிகளில் கம்பி பதிந்து காய்த்திருந்தது.

எருமப்பட்டியில் பதினாறாம் நாள் காரியம். பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் சொன்னார். "ஊசி போடற கையில கிடார வாசிக்கலாமுங்களா? அதனாலதான் அடச்சுக்கிச்சாமா." பந்தியில் அங்கங்கே தலைகள் ஆடின. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா நின்றார்.

"ஏனுங்க மாமா, நீங்க எந்த ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்கறீங்க?"

"இல்லம்மிணி, ஒரு பேச்சுக்கு…"

"பேச்சுக்கு வேற ஏதாச்சும் பேசுங்க. அவளப் பாத்த டாக்டரு, வாசிச்சதால ஒண்ணும் ஆகலைன்னு என்ற முன்னாலதான் சொன்னாரு. இருந்த வரைக்கும் அந்தக் கை நல்லா இருந்ததே அதனாலதான். பாயசம் ஊத்தட்டுங்களா?"

எல்லோரும் போன பின் என்னை உள்ளே அழைத்தார். கிடார் ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தது. "ஒருக்கா அடி பாக்கலாம் அம்மிணி" என்றார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தார், கிடாரின் முனையில் தாடையை வைத்துக்கொண்டார். கம்பிகள் தளர்ந்திருந்தன. மேலிருந்து கீழாக ஒரு முறை விரலை இழுத்தேன். காத்திருந்தார். இன்னொரு முறை இழுத்தேன்.

"இது இல்ல" என்றார். என்மேல் கோபம் இல்லை. தகவல் சொல்வது போலச் சொன்னார். துண்டை எடுத்து மறுபடி சுற்றினார்.

கிடார் அம்மாவிடமே இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் வேண்டாம். அக்கா வாசித்ததை நாங்கள் யாரும் பதிவு செய்யவில்லை. தாடையை வைத்துக் கேட்ட ஒருவரைத் தவிர அதை முழுதாகக் கேட்டவர் இல்லை. அவர் எழுதிக் கொடுத்தது, பரிசளித்தது என்று என்னிடம் எதுவும் கிடையாது. என்னிடம் இருப்பது அவர் கடைசி சில மாதங்களில் கற்றுக்கொண்ட 'குடு' என்ற ஒரு சொல். கற்றுக்கொண்ட பின் அது அவரைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் கடைசிவரை அவர் அதைத் திரும்பப் பெறவில்லை.

சென்ற வாரம் ராசிபுரத்தில் பேருந்து ஏறினேன். உட்கார இடமில்லை. தோளில் புத்தகப் பை. இருக்கையில் இருந்த ஒரு பெண் கையை நீட்டினார். "பையக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன்." பரவாயில்லைங்க என்பது நாக்கு நுனிவரை வந்தது. எப்போதும் வரும். கழற்றிக் கொடுத்தேன். கனமான பை. சேலம் வரும்வரை அது அவர் மடியில் இருந்தது.